ஈச்சமரத்துக் குருவியும் சம்புக் குருவியும்

பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாத எந்த ஊரும் எனக்கு வெளிநாடுதான். அந்தக் கணக்குப்படி நானும் வெளிநாட்டுப் பயணி. போனதெல்லாம் ஆந்திராவுக்கு என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

இந்த முறை என்னைக் கூப்பிட்டது கிரிஜா. பங்காருபாளையத்துக்கு உள்ளே ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளி டீச்சர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் பெயர் தெரியுமே தவிர முகம் தெரியாது. ஒரு நாள் மத்தியானம், நான் சாப்பிட்டுக் கண்ணயரும் புனிதமான நேரத்தில், போன் அடித்தாள்.

“மேடம், எங்க ஏரில சம்பு மொத்தமும் வாரி எடுக்கப் போறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஜேசிபி வருது. உள்ள கூடு கீது மேடம். குஞ்சு கீது. ஈச்சமரத்துல தொங்குதே, அந்தக் குருவி இல்ல. இது இன்னொண்ணு. நான் எவ்ளோ சொல்லியும் ஏ.இ. நம்ப மாட்டேங்கறாரு.”

ஏ.இ. என்றால் பாசனத் துறையின் உதவிப் பொறியாளர். சம்பு என்றால் ஏரி ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் தடித்த ஊதுபத்தி மாதிரி பழுப்பாகக் கதிர் விடுமே, அந்தப் புல். இதற்கு நான் எதற்கு என்று கேட்டேன்.

“இருபத்தஞ்சு வருஷமா பறவை பாக்கறீங்க மேடம். நீங்க நேர்ல வந்து பாத்து சொன்னாதான் எடுபடும்.”

இதைக் கேட்ட பிறகும் பாளையங்கோட்டையில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்க நான் என்ன கல்லா? பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் ‘நீங்கள் சொன்னால் எடுபடும்’ என்று சொன்னதில்லை. வீட்டில் குழம்புக்கு உப்புப் போதாது என்று நான் சொன்னால்கூட எடுபடாது. பைனாகுலரைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் துணிமணி எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை திருப்பதியில் இறங்கினேன். இறங்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “தரிசனம் ஆச்சா?” ஆட்டோக்காரர் கேட்டார். டீக்கடைக்காரர் கேட்டார். திருச்சானூருக்கு வந்த ஷேர் ஆட்டோவில் என் மடியில் தன் பாதிக் கூடையை வைத்திருந்த அம்மாள், கூடையை எடுக்காமலே கேட்டாள். லாட்ஜில் பெயர் எழுதுகிற மனிதரிடம், நான் சாமி பார்க்க வரவில்லை, குருவி பார்க்க வந்திருக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை, பைனாகுலரை ஒரு தடவை பார்த்தார். பிறகு வந்த காரணம் என்ற கட்டத்தில் ‘தரிசனம்’ என்று எழுதிக்கொண்டார். அந்த ரிஜிஸ்தரில் வேறு வார்த்தை எழுதிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

வரதன் வந்து சேர்ந்தான். என் தம்பியோடு காலேஜில் படித்தவன். குடும்பமே திருமலையில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் கார் சாவி. தெலுங்கு தெரியாத எனக்கு நான்கு நாளைக்கு இவன்தான் வாய்.

“அக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டுப் பெருமாளைச் சேவிக்காம போவேளா?”

“பெருமாள் அங்கேயேதான் இருப்பார் வரதா. கூடு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருக்கும்.”

“அப்போ சனிக்கிழமை சேவிச்சுடுங்கோ” என்று என் பயணத்தில் ஒரு நாளை அவனே கூட்டிவிட்டான்.

சாப்பிடக் கூட்டிப்போனான். தோசையின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பாக எதையோ தடவியிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்தச் சிவப்பைத் தட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தால் அதற்குப் பெயர் காரச் சட்னி. மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடலாம். இங்கே மிச்சம் வைக்க வழியே கிடையாது. முதல் வாயிலேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பரிமாறியவர் தெலுங்கில் என்னவோ கனிவாகச் சொன்னார். என்னவென்று கேட்டேன். “தரிசனம் நன்னா ஆயிருக்கு போலிருக்கு, அதான் கண் கலங்கறதுங்கறார்” என்றான் வரதன்.

புதன்கிழமை சித்தூர்ப் பக்கம் கிளம்பினோம். ஆடி மாதம், மாங்காய்க் காலத்தின் கடைசி. மாம்பழக் கூழ் ஆலை இருக்கிற சாலையில் டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. வரிசையின் தலை தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. நடுவில் எங்கள் கார். ஒரு மணி நேரம் நகரவில்லை. முன்னால் நின்ற டிராக்டர்க்காரர் இறங்கி வந்து, ஜன்னல் வழியாக இரண்டு கிளிமூக்கு மாங்காயைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளாக வரிசையில் நிற்பதாகச் சொன்னார். இரண்டு நாளா என்று நான் வாயைப் பிளந்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். வரதன் மொழிபெயர்த்தான்: “மேலே இலவச தரிசனத்துக்கு நிக்கறதைவிட இது கம்மிதான்ங்கறார்.”

ஏரிக்கரைக்குப் போனபோது பதினொரு மணி. எங்கள் ஊரில் இதைக் குளம் என்போம். கிரிஜா வீட்டில் ஏரி. அரசாங்கத்துக்குச் செருவு. மூன்று பெயர் வைத்தும் தண்ணீர் ஒரு பங்குதான் இருந்தது, மிச்சமெல்லாம் சம்பு.

கிரிஜா கரையில் காத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, தோளில் பள்ளிக்கூடப் பை. அவள் வாயைத் திறப்பதற்குள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, கரை மேலிருந்த ஈச்சமரத்துக்கு ஊர்வலமாக அழைத்துப்போனார்கள். மரத்தைச் சுற்றிச் சிமெண்டு மேடை, மேடைக்கு நீல வண்ணம். மரத்தில் நாற்பதுக்குக் குறையாத கூடுகள் தொங்கின. “கிஜிகாடு!” என்று ஒருவர் மேலே கைகாட்டினார். தூக்கணாங்குருவிக்குத் தெலுங்குப் பெயர். இந்த மரத்தை வெட்டக் கூடாது, கல்லெறியக் கூடாது என்று ஊரில் பேசி வைத்திருக்கிறார்களாம். ஏரியைத் தூர் வாரும்போதும் இந்த மரத்தைத் தொடக் கூடாது என்று ஏ.இ.யே எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

தூக்கணாங்குருவிக்கு இந்த மாதிரி மரியாதை கிடைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அது தன்னைக் காட்டிக்கொள்ளத் தெரிந்த பறவை. ஆணுக்குத் தலை மஞ்சள், முகத்தில் கறுப்பு முகமூடி, மார்பு துடைத்துவிட்ட மாதிரி ஒரு கோடுகூட இல்லாத மஞ்சள். கூடோ சுரைக்காய் அளவில், அடியில் முழ நீளக் குழாயோடு, ஊருக்கே தெரிகிற உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். பாதிக் கூடு கட்டியதும் ஆண் அதில் தலைகீழாகத் தொங்கி, இறக்கையை அடித்துக்கொண்டு கத்தும். பெண் வந்து உள்ளே போய்ப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். எங்கள் பக்கத்துப் பெண் பார்க்கும் படலத்தைவிட இது எவ்வளவோ மேல். பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கடிதம் போடுகிறேன் என்பதெல்லாம் குருவியிடம் கிடையாது.

“இது இல்ல மேடம்” என்றாள் கிரிஜா, என் காதருகில். “வாங்க.”

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னால் தண்ணீரில் இறங்கினேன். ஐம்பத்தொன்பது வயதில் சேற்றில் இறங்குவது சுலபம். காலை எடுத்து வைப்பதுதான் கஷ்டம். வரதன் கரையிலேயே நின்று எனக்காகப் பெருமாளை வேண்டிக்கொண்டான். இருபதடி போனதும் கிரிஜா கையை உயர்த்தினாள்.

சம்புக் கதிரின் மேல் ஒரு ஆண் குருவி. அதே மஞ்சள் தொப்பி, அதே உருவம். பைனாகுலரை வைத்தேன். மார்பு முழுக்க மேலிருந்து கீழே, மை தொட்டு இழுத்த மாதிரி தடித்த கறுப்புக் கோடுகள். வரித் தூக்கணாங்குருவி. முன்னதற்குப் பங்காளி. ஒரே குலம், ஒரே தொழில்; குணம் மட்டும் நேரெதிர். இது எதையும் தொங்கவிடவில்லை. நாலைந்து சம்பு இலைகளின் நுனியை வளைத்துச் சேர்த்துக் கட்டி, அந்த முடிச்சின் கீழே, தண்ணீருக்கு மேல் என் இடுப்பளவு உயரத்தில் கூட்டை வைத்திருந்தது. பச்சைக்குள் பச்சை. வாசல் குழாய்கூடச் சும்மா பெயருக்குத்தான், விரல் நீளம். நீல மேடையிலிருந்து ஆயுசுக்கும் பார்த்தாலும் தெரியாது. அதன் ஜோடி வாயில் புழுவோடு வந்தது. அதன் மார்பிலும் அதே கோடு. கூட்டுக்குள் போய், வெறும் வாயோடு வெளியே வந்தது. உள்ளே குஞ்சு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

“எத்தனை கூடு?”

“எனக்குத் தெரிஞ்சு இருபத்தி ரெண்டு மேடம். காலைல ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து பாத்துக்கினே இருக்கேன். கிட்டப் போனா பயந்துக்கும்னு ஒண்ணும் தொடறதில்ல.”

நான் சந்தோஷத்தில் கிரிஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். ஒரு சின்ன ஊர் டீச்சர் இதைக் கண்டுபிடித்திருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. அதைச் சரியென்று சொல்ல நான் வந்திருக்கிறேன் என்பதில் அதைவிடப் பெருமையாக இருந்தது.

கரையேறியபோது ஒரு பெரியவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். முனிரத்தினம், கிரிஜாவின் அப்பா. ஏரி மதகுக்கு நேர் கீழே இருக்கிற முதல் வயல் அவருடையது. மகளை அவர் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

“குருவிக்கு வூடு வேணும், சரி. நெல்லுக்குத் தண்ணி வேணாமா? ஏரி மொத்தம் சம்பு ரொம்பிக்கினு கீது. மழை வந்தா தண்ணி எங்க நிக்கும்? இத்தக் கேட்டா என் பொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கினு போறா.”

“நைனா, சம்ப எடுக்க வேணாம்னு நான் சொல்லவே இல்ல. குஞ்சு பறந்து போற வரைக்கும் பொறுங்கன்னுதான சொல்றேன்” என்றாள் கிரிஜா. அவர் வயலைப் பார்த்து நடந்தார். நாளைக்கு நான் ஏ.இ.யிடம் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

வியாழக்கிழமை ஏ.இ. கரைக்கே வந்தார். முப்பதைத் தாண்டியிராத பையன் முகம், மடித்துவிட்ட சட்டைக் கை. எனக்கு முதலில் மோர் வரவழைத்துக் கொடுத்தார். நான் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். மோர் கொடுத்துப் பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை சரியாக வராது. ஆனாலும் விடவில்லை.

“வரதா, இவர் படிச்ச படிப்பிலே தண்ணிக்குள்ளே இருக்கிறதெல்லாம் குப்பைன்னு எழுதியிருந்ததான்னு கேளு.”

வரதன் தெலுங்கில் நீளமாக, தேனாக ஏதோ சொன்னான். ஏ.இ. நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்.

“என்னடா சொன்னே?”

“அவரோட நேரத்தை எடுத்துண்டதுக்கு நீங்க ரொம்ப வருத்தப்படறேள்னு சொன்னேன் அக்கா.”

அதற்குள் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். முனிரத்தினமும் இருந்தார். சம்புக்குள் இருப்பது வேறு இனம், கூட்டில் குஞ்சு இருக்கிறது, இதில் சந்தேகமே இல்லை, இருபத்தைந்து வருட அனுபவத்தில் சொல்கிறேன் என்று முடித்தேன். ஏ.இ. பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை எடுத்து, எதையோ தேடி, என் பக்கம் திருப்பினார்.

“மீரே ராசாரு கதா, மேடம்?”

நீங்கள்தானே எழுதினீர்கள் என்கிறார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு வரதன் தேவைப்படவில்லை. போனில் அவர் திறந்து காட்டியது, பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் கணக்கு வைத்திருக்கிற செயலி. பார்த்த இடம், நாள், இனம், எண்ணிக்கை எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். திரையில் இந்த ஏரியின் பெயர். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி. மேலே என் பெயர், முழுப் பெயர், இனிஷியலோடு. தூக்கணாங்குருவி, நூற்றியிருபது. கீழே குறிப்பு என்ற இடத்தில் நானே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த முத்து: அத்தனையும் தூக்கணாங்குருவியே, வேறு இனம் இல்லை.

எனக்கு நினைவு வந்துவிட்டது. திருப்பதி போய்விட்டு, அங்கிருந்து பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் வேலை நடந்ததால் வண்டிகளை ஊருக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். ஏதோ ஒரு ஏரி, சம்பின் மேல் கூட்டமாகக் குருவிகள். நான் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நாத்தனார் முகூர்த்தம் தவறிவிடும் என்று ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம். ஜனவரியில் இந்த இரண்டு இனமும் மஞ்சளைக் கழற்றிவிட்டுச் சிட்டுக்குருவி மாதிரி பழுப்பாக இருக்கும். மார்பில் கோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்க்கவில்லை. தெரியாவிட்டால் எழுத அந்தச் செயலியிலேயே ஒரு வழி உண்டு: ‘ஏதோ ஒரு தூக்கணாங்குருவி இனம்’ என்று போடலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் அதைப் போடுகிறவர்கள் புதிதாக வந்தவர்கள். பதினெட்டு வருஷம் பார்த்தவள் எப்படிப் போடுவாள்? கௌரவம் என்ன ஆவது? நூற்றியிருபதையும் ஒரே இனத்தில் தள்ளி, வேறு இனம் இல்லை என்று சான்றிதழும் கொடுத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

ஏ.இ. கோபப்படவில்லை, அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. அவர் சொன்னதை வரதன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “தனக்குப் பறவை தெரியாது, அதனால வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சவா எழுதினதைத் தேடிப் படிச்சாராம் அக்கா. ஈச்சமரத்துல கட்டற குருவிதான் இங்கே இருக்கு, வேற இல்லேன்னு நீங்க எழுதியிருந்தேளாம். அதை நம்பித்தான் மரத்தை விட்டுட்டுச் சம்பை எடுக்கச் சொன்னாராம்.”

வெட்கமாக இருந்தது. இதற்கு முன்னால் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்ட ஒரு அரசாங்க அதிகாரியை நான் பார்த்ததில்லை, அவரை ஏமாற்றியது நான்.

“நான் பண்ணினது தப்புன்னு சொல்லு வரதா.”

அவன் சொன்னான். ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது.

“என்ன சொன்னே?”

“அன்னிக்கு வெளிச்சம் சரியா இல்லை, அதனால...”

“வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருந்தது. பார்க்காமலே எழுதினேன்னு சொல்லு. அப்படியே சொல்லு. நீ சர்க்கரை போடாதே.”

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அப்படியே சொன்னான். ஏ.இ. ஒரு தாளை நீட்டினார். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஏ.இ. ஏரியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஜேசிபி நாளை வந்தே தீரும், மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்; மேற்கே இந்தக் கூடுகளை விட்டுவிட்டுக் கிழக்குக் கரையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: அங்கே கூடு இருக்கிறதா?

இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கிழக்கே சம்பு கட்டை, கரையோரம் மாடு மேய்கிறது, கூடு கட்டுகிற இடமாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு.

“தெரியாது” என்றேன். “நான் அங்கே போய்ப் பார்க்கவில்லை.”

“தெலீதண்டா” என்றான் வரதன். இதில் சர்க்கரை போட அவனுக்கு இடமில்லை.

ஏ.இ. முதல் தடவையாகச் சிரித்தார். நாளைக்குக் காலையில் போய்ப் பாருங்கள், கூடு இருக்கிற இடத்தில் துணி கட்டுங்கள், குஞ்சு பறக்கிற வரை அதற்குள் வண்டி நுழையாது என்றார். பறந்த பிறகு நுழையும் என்பதையும் சொன்னார். மேற்கு மூலையில் கொஞ்சம் சம்பை மட்டும் அடுத்த வருஷக் குருவிக்கு விட்டுவைக்க முடியுமா என்று கிரிஜா கேட்டாள். அவர் முனிரத்தினத்தைப் பார்த்தார். முனிரத்தினம் ஏரியைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே இறங்கிவிட்டோம். நகரியில் விசைத்தறி ஓட்டுகிற கிரிஜாவின் சித்தப்பா ஒரு மூட்டைக் கழிவுத் துணி அனுப்பியிருந்தார். சிவப்பாக இருந்ததைப் பொறுக்கிக் கிழித்துக் குச்சியில் கட்டினோம். முனிரத்தினமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினார். உதவி செய்யத்தான் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

“நன்றியெல்லாம் இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் கண்ட இடத்துல துணியக் கட்டிட்டா, ஜேசிபிகாரன் சும்மா சுத்திப் பாத்துட்டுப் போயிடுவான். எத்தினி கட்றீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்.”

ஒவ்வொரு குச்சிக்கும் என்னோடு வழக்காடினார். இது கூடா, இல்லை கசங்கின இலையா என்று கேட்டார். நான் கூட்டைக் காட்டினால்தான் குச்சியை ஊன்றவிட்டார். கிழக்குக் கரையில் முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு சம்பு கட்டையாக இருந்த இடத்திலேயே, மாடு மேய்கிற இடத்திலிருந்து பத்தடியில், முதல் கூட்டைக் கண்டது அவர்தான். இலையை விலக்கின கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்டது.

“அட” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எம்மாம் சின்னதா கத்துது பாரு. இங்கயும் கீது. ஒரு குச்சி குடு.”

கிழக்கே மூன்று கூடுகள். நேற்று நான் வழக்கம்போல் வாயைத் திறந்திருந்தால் எட்டு மணிக்கு மூன்றும் மண்ணோடு லாரியில் ஏறியிருக்கும். எட்டு மணிக்கு ஜேசிபி வந்தது. ஓட்டுநர் சிவப்புத் துணிகளைப் பார்த்துவிட்டு, என்ன திருவிழாவா என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்று முனிரத்தினமே கைகாட்டினார்: இங்கே வா, அங்கே போகாதே, இந்தப் பக்கம் வாரு. சம்பும் சேறுமாக வாரிக் கொட்டக் கொட்ட, அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதையும் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் அவர் வயலுக்குத்தானே போக வேண்டும்.

மத்தியானம் கரையிலேயே சாப்பாடு. கிரிஜா வீட்டிலிருந்து ராகிச் சங்கட்டி என்கிற கேழ்வரகுக் களியும் கடலைச் சட்னியும் கீரைக் கடைசலும் வந்திருந்தன. சங்கட்டியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று வரதன் எனக்குப் பாடம் எடுத்தான். நான் மென்றேன். முனிரத்தினம் கை கழுவிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தப்பா நெனக்காதம்மா. நீ அன்னிக்கே ஒழுங்கா பாத்து எழுதியிருந்தா, இந்தப் பத்து நாளா என் பொண்ண ஊரே பொய்க்காரின்னு சொல்லியிருக்குமா? நானே சொன்னேன். அவ்ளோ படிச்ச அம்மா இல்லன்னு எழுதிக் கீறாங்க, நீ இன்னா பெரிசா கண்டுட்டேன்னு கேட்டேன். பத்து நாளா எங்கிட்டப் பேசல. ஒழுங்கா துன்னல.”

வாயிலிருந்த உருண்டை தானாகவே இறங்கிவிட்டது. நான் கிரிஜாவைப் பார்த்தேன். அவள் பாத்திரத்தில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா? என் லிஸ்டு?”

“தெரியும் மேடம். ஏ.இ. முதல் நாளே ஊர்ல எல்லாருக்கும் காட்டினாரு.”

“எனக்குப் போன் பண்ணும்போதே?”

“ம்.”

“அப்புறம் எதுக்கு இருபத்தஞ்சு வருஷம், நீங்க சொன்னாதான் எடுபடும்னு அத்தனை பேச்சு? அந்த லிஸ்டை மாத்துங்கன்னு நேராச் சொல்லியிருக்கலாமே?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா மேடம்?”

யோசித்துப் பார்த்தேன். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ஜனவரி மாதத்து இறகு நிறம், தூரம், அந்த வட்டாரத்தில் அந்த இனம் இருக்க வாய்ப்பில்லாத காரணம் என்று நாலு பக்கம் பதில் எழுதியிருப்பேன். குழுவில் முப்பது பேர் கைதட்டும் படம் போட்டிருப்பார்கள். சின்ன ஊர் டீச்சர், ஆர்வக்கோளாறு என்று யாராவது எழுதியிருப்பார்கள். அதற்கு நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டிருப்பேன். கீழே ஏரியில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது.

“வந்திருக்க மாட்டேன் கிரிஜா” என்றேன்.